புல்லியை மாற்றினால் குதிரைவலு கூடுமா? வன்னிக் கராஜ் ஒன்றிலிருந்து சில கேள்விகள்

இரணைமடுச் சந்திக்குக் கிட்ட, பெயர்ப்பலகை இல்லாத கராஜ் ஒன்று இருக்கிறது. தகரக் கூரை, ஒரு வேப்பமரம், மரத்தடியில் எப்போதும் இரண்டு லான்ட்மாஸ்டர்கள். என்னுடைய மோட்டார்சைக்கிளைப் பதினைந்து வருடமாக அங்கேதான் கொடுத்து வருகிறேன். கடந்த மாதம் அங்கே போயிருந்தபோது, இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி காட்போர்ட் பெட்டியொன்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டிக்குள் நீல நிறத்தில் மினுங்கும் அலுமினியப் புல்லிகள். பிரான்சிலிருக்கும் தமையன் வாங்கி அனுப்பியவை. இவற்றுக்கு 'அண்டர்டிரைவ் புல்லி' என்று பெயர்.

"அண்ணை, இதைப் பூட்டினா பத்து ஹோர்ஸ்பவர் கூடுமாம். வீடியோவில பாத்தனான்" என்றார் தம்பி. அவருடைய வாகனம் டொயோட்டா கொறொல்லா 110. அவருடைய வயதுதான் அதற்கும், அல்லது ஒன்றிரண்டு கூட.

கராஜ்கார அண்ணை பெட்டியை வாங்கிப் பார்த்தார். ஒரு புல்லியை எடுத்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். "பாரமில்லைத்தான்" என்று மட்டும் சொன்னார். பிறகு என்னுடைய பிளக்கைக் கழற்றப் போய்விட்டார்.

அன்று தொடங்கிய கதை இப்படி ஒரு கட்டுரையாக நீளும் என்று நான் நினைக்கவில்லை. ஒரு காருக்குப் புல்லி மாற்றுவது அரசியலா என்று வாசகர் கேட்கலாம். வன்னியில் இயந்திரத்தைப் பற்றிப் பேசினால் அது எரிபொருளில் போய் நிற்கும், எரிபொருளைப் பற்றிப் பேசினால் தடையில் போய் நிற்கும். எங்களுடைய சரித்திரம் அப்படி.

முதலில் தொழில்நுட்பத்தைச் சொல்லிவிடுகிறேன். கார் இயந்திரம் சில்லுகளை மட்டும் சுற்றுவதில்லை. கிராங்கின் முனையிலுள்ள புல்லியிலிருந்து பெல்ட் வழியாகத் தண்ணீர்ப் பம், மின்சாரம் தரும் ஒல்ரனேற்றர், பவர் ஸ்ரியறிங், ஏ.சி. கொம்பிரசர் எல்லாம் சுற்றுகின்றன. இவை இயந்திரத்தின் வலுவில் ஒரு பங்கைத் தின்கின்றன. கிராங் புல்லியைச் சிறிதாக்கினால், அல்லது மற்றப் புல்லிகளைப் பெரிதாக்கினால், இந்த உபகரணங்கள் மெதுவாகச் சுற்றும். தின்பது குறையும், மிச்சம் சில்லுக்குப் போகும். இயந்திரம் புதிதாக வலு எதையும் உண்டாக்குவதில்லை. வீட்டில் மற்றவர்களின் சாப்பாட்டைக் குறைத்து ஒருவருக்குக் கூடப் போடுவதைப் போன்றதுதான் இது.

ஓட்டப்பந்தயக் கார்களுக்கு இது பொருந்தும். அவை ஆறாயிரம் ஏழாயிரம் சுற்றில் ஓடுபவை. தண்ணீர்ப் பம் எடுக்கும் வலு, அது சுற்றும் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறும். வேகத்தைக் காற்பங்கு குறைத்தால் முக்கால் தரம் முக்கால் தரம் முக்கால், அதாவது 0.42. பாதிக்கும் மேல் மிச்சம். அந்த மிச்சம் ஆறாயிரம் சுற்றில் பெரிதாகத் தெரியும். ஆனால் இலங்கை வீதிகளில் காருக்கு நகருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றர், வெளியே 70 என்பதுதான் சட்டம். எழுபதில் போகும்போது இயந்திரம் இரண்டாயிரத்தைந்நூறு சுற்றைத் தாண்டுவது அபூர்வம். அந்தச் சுற்றில் பம் எடுப்பதே கொஞ்சம், அதில் மிச்சம் பிடிப்பது அதனிலும் கொஞ்சம். மின்சாரத்தில் மிச்சமே கிடையாது என்று சொல்லலாம். இரண்டு ஹெட்லைட்டுக்கு 110 வாட் தேவையென்றால், ஒல்ரனேற்றர் வேகமாகச் சுற்றினாலென்ன மெதுவாகச் சுற்றினாலென்ன, அந்த 110 வாட்டையும் இயந்திரம்தான் கொடுக்கவேண்டும். வீடியோக்களில் காட்டப்படும் பத்துக் குதிரைவலு அமெரிக்காவின் பெரிய எட்டுச் சிலிண்டர் இயந்திரங்களின் கதை. ஆயிரத்தைந்நூறு சி.சி. கொறொல்லாவில் அதை எதிர்பார்க்க முடியாது.

இழப்போ உடனே தெரியும். ஐடிலில் கிராங் எண்ணூறு சுற்று சுற்றுகிறது என்று வைப்போம். ஒல்ரனேற்றர் அதைப்போல இரண்டேகால் மடங்கு, ஏறக்குறைய 1800 சுற்று. காற்பங்கு குறைந்தால் 1350. அந்தச் சுற்றில் வரும் மின்சாரம் ஹெட்லைட்டுக்கும் ரேடியேற்றர் விசிறிக்கும் ஏ.சி. காற்றாடிக்கும் போதாது. குறையைப் பற்றரி கொடுக்கும். இரவில் ரயில் கடவையில் பத்து நிமிடம் நின்றால் பற்றரி இறங்கத் தொடங்கும். தண்ணீர்ப் பம்மும் அதே பெல்ட்டில்தான். ஓகஸ்ட் மாதக் கச்சான் காற்றில், நண்பகலில், பரந்தன் சந்தியில் நிற்கும் ஒரு பழைய காருக்குத் தேவைப்படுவது கூடுதல் தண்ணீர் ஓட்டம்தான். அதைக் குறைப்பது புத்தியல்ல.

இன்னொன்றும் இருக்கிறது. பல கார்களில் கிராங் புல்லி வெறும் புல்லி அல்ல. நடுவில் றப்பர் வளையம் ஒன்று வைத்துச் செய்திருப்பார்கள். பிஸ்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடிக்கும்போது கிராங் முறுகி முறுகி அதிரும். அந்த அதிர்வை விழுங்குவதற்குத்தான் அந்தப் பாரமும் றப்பரும். "பாரமில்லைத்தான்" என்று அண்ணை சொன்னதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. பாரமில்லாததுதான் பிழை என்பதை அவர் ஒரு சொல்லில் சொல்லியிருந்தார்.

இந்த அறிவு அவருக்கு எந்தத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் கிடைத்ததல்ல.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியபின் வடக்குக்குள் வரக்கூடாத பொருட்களின் பட்டியல் ஒன்று இருந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகங்கள் எல்லாம் அதில் அடக்கம். மண்ணெண்ணெய் அளவோடு வந்தது, வராமலும் விட்டது. 2002 ஜனவரியில் தடை தளர்த்தப்படும்வரை, அந்தப் பன்னிரண்டு வருடங்களில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் வன்னியிலும் ஓடிய பெற்றோல் வாகனங்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில்தான் ஓடின. மொறிஸ் மைனரும், ஒஸ்ரின் ஏ-40 உம், ஹொண்டா சாளியும், எம்.டி. 90 உம். அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்குச் சூப்பிப் போத்தல் ஞாபகமிருக்கும். சிறிய போத்தலில் கொஞ்சம் பெற்றோல். காபரேற்றர் வாயில் நாலு சொட்டுப் பீச்சிவிட்டு உதைத்தால் வண்டி பிடிக்கும், சூடேறியதும் மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு ஓடும். பின்னால் வெள்ளைப் புகை. கண் எரியும்.

ஏன் அப்படி? மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது, ஆகவே ஸ்ரார்ட் பண்ணப் பெற்றோல் வேண்டும். அழுத்தம் கூடிய இயந்திரத்தில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முந்தி வெடித்துத் தட்டும். அதனால்தான் அழுத்தம் குறைந்த பழைய ஒஸ்ரின் கார்களுக்கு அப்போது இராஜமரியாதை. புதிய ஜப்பான் கார்கள் வீட்டுக்குள் செங்கல்லில் ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் வழியாக வடிந்து ஒயிலைத் தண்ணீராக்கும், ஆகவே ஒயிலை அடிக்கடி தொட்டுப் பார்க்கவேண்டும். எங்கள் அண்ணை இரண்டு விரல்களுக்கிடையில் ஒயிலைத் தேய்த்து, மணந்து பார்த்து, "இன்னும் ரெண்டு நாள் ஓடலாம்" என்று சொல்லுவார். அது ஒரு ஆய்வுகூடம்தான்.

புல்லிக் கணக்கும் அப்போதே எங்களுக்குத் தெரிந்திருந்தது, தலைகீழாக. மின்சாரமில்லை, பற்றரியில்லை, வானொலிச் செய்தி கேட்கவேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சில்லில் படவிட்டு, ஒருவர் பெடலைக் கையால் சுற்றுவார். ஓரங்குலம்கூட இல்லாத டைனமோத் தலை, இருபத்தெட்டு அங்குலச் சில்லோடு உரசும். சில்லு ஒரு தரம் சுற்ற, டைனமோ ஏறக்குறைய முப்பது தரம் சுற்றும். நான் பாடசாலைப் பிள்ளை. பி.பி.சி. தமிழோசை தொடங்கினால் பெடல் சுற்றுவது என் வேலை. கை அலுத்து வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும், அப்பா ஏசுவார். டைனமோவின் வேகத்தைக் குறைத்தால் என்ன நடக்கும் என்பதை விசுவமடுவில் ஒரு திண்ணையில் இருந்தே நான் படித்துவிட்டேன். அதை மறந்ததுதான் என் பிழை.

குதிரைவலு என்ற சொல்லும் எங்கள் மண்ணில் சாதாரணச் சொல்லாக இருக்கவில்லை. முல்லைத்தீவுக் கரையோரத்து மீனவர்களைக் கேட்டுப் பாருங்கள். குறிப்பிட்ட வலுவுக்கு மேற்பட்ட வெளியிணைப்பு இயந்திரங்களை வைத்திருக்கத் தடை இருந்த காலத்தில், படகின் இயந்திரம் எத்தனை குதிரைவலு என்பது பாதுகாப்புப் பிரச்சினை. ஆழ்கடலுக்குப் போக முடியாத வலுவோடு கரையிலேயே வலையை விரித்தார்கள்.

2009 இன் தொடக்கத்தில் எங்கள் வீட்டில் குதிரைவலு என்பது மூன்று பெல்ட் என்று பொருள்பட்டது. லான்ட்மாஸ்டரில் இயந்திரத்திலிருந்து கியர்ப் பெட்டிக்கு வலுவைக் கொண்டுபோவது பக்கத்துப் பக்கத்தில் ஓடும் மூன்று வீ-பெல்ட்கள். விசுவமடுவிலிருந்து புறப்படும்போது மூன்றும் இருந்தன. உடையார்கட்டில் ஒன்று அறுந்தது. இரண்டோடு தேவிபுரம்வரை போனோம். மழை, சேறு, பெட்டியில் நெல் மூட்டைகள், தையல் மெஷின், அம்மம்மா. ஏற்றம் வந்தால் பெல்ட் வழுக்கிக் கருகும் மணம் வரும். பெல்ட் வழுக்கினால் ஒன்றில் வலுவைக் கூட்டவேண்டும், இல்லையென்றால் பாரத்தைக் குறைக்கவேண்டும். அப்பா முதலில் தையல் மெஷினை இறக்கினார். பிறகு மூட்டைகளை. இரணைப்பாலைக்கு வரும்போது பெட்டியில் அம்மம்மாவும் ஒரு சாக்கு அரிசியும்தான். மாத்தளனில் வண்டியை விட்டோம். முள்ளிவாய்க்கால் பக்கத்தில் துருப்பிடித்துக் குவிந்து கிடந்த வாகனங்களின் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் குவியலில் எங்கள் லான்ட்மாஸ்டரைத் தேடி அப்பா பிறகு இரண்டு தரம் போய்வந்தார். கராஜ்கார அண்ணையும் அப்படித்தான். அவர் தேடியது தன்னுடைய சாவிப் பெட்டியை.

மெனிக்பாமிலிருந்து வெளியே வந்தவர்கள் தொழில் தொடங்கியபோது வன்னியின் நிலை தலைகீழாக மாறியிருந்தது. ஏ-9 திறந்திருந்தது. பெற்றோல் கிடைத்தது, லீசிங் கிடைத்தது. முற்பணம் கொஞ்சம் கட்டினால் மோட்டார்சைக்கிள், கொஞ்சம் கூடக் கட்டினால் ஓட்டோ. தடைக்காலத்து அறிவு ஒரே இரவில் பழைய இரும்பாகிவிட்டது போலத் தோன்றியது. புது வண்டி பழுதானால் கம்பனிக்குக் கொண்டுபோ, பாகத்தைக் கழற்று, புதிதைப் போடு.

பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 இல் டொலர் இல்லாமல் போய், எரிபொருள் வரிசை வந்தது. கியூ.ஆர். அட்டை வந்தபோது மோட்டார்சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். தென்னிலங்கை ஊடகங்கள் இதை வரலாறு காணாத நெருக்கடி என்று எழுதின. வன்னியில் பலர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் சந்தோஷம் எதுவும் இல்லை. அந்த வருடம் ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியபோது அந்தச் சிரிப்பும் நின்றது. தோட்டத்துத் தண்ணீர் மெஷினும் கடலுக்குப் போகும் இயந்திரமும் அதில்தான் ஓடின.

2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் வரிக்குமேல் வரி சேர்ந்து, புதிய வாகனம் கிளிநொச்சியில் ஒரு சாதாரணக் குடும்பத்துக்குக் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள பொருள்தான். ஆகவே பழையதே ஓடுகிறது, ஓடவேண்டியிருக்கிறது. இருபத்தைந்து வருடத்துக் கொறொல்லா கைமாறிக் கைமாறி, வாங்கிய விலைக்கு மேலேயே விற்கப்படுகிறது. உலகின் வேறிடங்களில் அருங்காட்சியகத்துக்குப் போகும் வயதில் இங்கே ஒரு வாகனம் லீசிங் அடைத்துக்கொண்டிருக்கும்.

அப்படிப்பட்ட காரில்தான் அந்தத் தம்பி பந்தயப் புல்லியைப் பூட்ட நினைக்கிறார். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. யுத்தம் முடிந்தபோது அவருக்கு ஆறோ ஏழோ வயது. தமையன் வெளிநாட்டில், வேலை நிரந்தரமில்லை, கையில் போன். தன் கைக்குள் அடங்கும் ஒன்றையாவது மற்றவர்களுடையதைவிட வேகமாக்கிப் பார்க்க ஆசை. சைலென்சரை வெட்டுகிற பொடியங்களும் இதே ஆட்கள்தான். எனக்குக் கோபம் வருவது வேறிடத்தில். வேகத்துக்கு ஆசைப்படும் இந்தக் கைகளுக்கும், ஒயிலை விரலில் தேய்த்துப் பார்க்கும் அந்தக் கைகளுக்கும் இடையில் பாலம் எதையும் யாரும் கட்டவில்லை.

கட்டுவதற்கு இடமில்லை என்றும் சொல்லமுடியாது. இரணைமடுச் சந்தியிலிருந்து தெற்கே சில கிலோமீற்றரில் அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் அங்கேதான். 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை - ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவனமும் அங்கேதான், அதில் மோட்டார் வாகனத் தொழில்நுட்பம் ஒரு துறை. அங்கிருந்து நல்ல பிள்ளைகள் வெளிவருகிறார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளில் பலர் சான்றிதழ் கிடைத்ததும் கொழும்புக்கோ கட்டாருக்கோ போகிறார்கள். இங்கே வேலை கொடுப்பவர் என் அண்ணை போன்றவர். அவரால் கொடுக்கக்கூடிய சம்பளம் அவ்வளவுதான்.

அனுபவத்தை வைத்தே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இந்த நாட்டில் இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்த வேலையைக் காட்டி மதிப்பீட்டுக்கு உட்படலாம். அண்ணையிடம் அதைப் பற்றிக் கேட்டேன். "செய்த வேலைக்கு ஆதாரம் கேப்பினம் தம்பி. நான் வேலை செய்த கராஜ் புதுக்குடியிருப்பில இல்லை, முதலாளி இல்லை, பில் புத்தகம் இல்லை. ஆரைக் காட்டுறது?" என்றார். மதிப்பீட்டாளர் நேரில் வந்து அவருடைய கையைப் பார்த்தால் ஒரு மணித்தியாலத்தில் முடிவு சொல்லலாம். படிவத்தை நிரப்பச் சொன்னால் முப்பது வருடம் வெறும் கோடாகத்தான் வரும். யுத்தம் நடந்த மாவட்டங்களுக்கென்று இந்த நடைமுறையில் ஒரு தளர்வைக் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கேட்டு நான் அறியவில்லை. கேட்டிருந்தால் மகிழ்ச்சி.

சட்டப் பக்கமும் ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் 'கிளீன் ஸ்ரீலங்கா' திட்டம் தொடங்கியவுடன், பஸ்களிலும் ஓட்டோக்களிலும் மேலதிகமாகப் பூட்டப்பட்டவற்றைக் கழற்றச் சொல்லிப் பொலிசார் வீதியில் இறங்கினார்கள். பஸ் சங்கங்களும் ஓட்டோச் சங்கங்களும் எதிர்த்தபின் அவகாசம் கொடுக்கப்பட்டது. கண்ணைப் பறிக்கும் விளக்கையும் காதைக் கிழிக்கும் ஹோர்னையும் கழற்றச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஏ-9 இல் இரவில் ஓடுபவர் எவருக்கும் இராது. ஆனால் மாற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டு மூடினால், வன்னியில் அது வேறு மாதிரி முடியும்.

கராஜில் அன்று மூன்றாவதாக ஒருவர் காத்திருந்தார். முழங்காலுக்கு மேல் ஒரு காலை இழந்தவர். அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் இருபக்கமும் சிறிய சில்லுகள் வைத்து ஒட்டப்பட்டிருக்கின்றன. ஊன்றுகோலுக்கு ஒரு கொளுக்கி. அதைச் செய்தவர் அண்ணைதான். எந்தக் கம்பனியும் அதை விற்கவில்லை. அந்த வண்டி இல்லாவிட்டால் அவர் கடைக்குப் போகமுடியாது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடமுடியாது. சட்டத்தின் கண்ணில் அதுவும் ஒரு மாற்றம், தம்பியின் நீலப் புல்லியும் ஒரு மாற்றம். வாகனத்தின் கட்டமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தின் ஒப்புதல் தேவை. ஒரு காலோடு அதற்கு எத்தனை படி ஏறவேண்டும் என்பதை யாராவது எண்ணிப் பார்க்கவேண்டும். மாவட்டச் செயலகத்தில் மாதம் ஒருநாள், ஒரு பரிசோதகர், ஒரு பற்றவைப்புத் தரம் பார்க்கத் தெரிந்த பொறியியல் மாணவர், மூன்று மொழியிலும் ஒரு அத்தாட்சி அட்டை. இவ்வளவு போதும். பற்றவைப்பு விட்டுப்போனால் ஆபத்து அவருக்குத்தான், ஆகவே பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரிசோதனை அவரைத் தேடி வரட்டும் என்கிறேன்.

பின்னேரம் தம்பியின் கார் பொனற்றைத் திறந்து அண்ணை காட்டினார். தண்ணீர்ப் பம்மின் புல்லியைப் பிடித்து ஆட்ட, அது ஆடியது. பெயாரிங் முடிந்திருந்தது. அடியில் பச்சை நிறத்தில் கசிவு காய்ந்திருந்தது. "தம்பி, உந்தப் புல்லியைப் பூட்டினா ரெண்டு கிழமையில ஹெட் வளையும். முதல் பம்மை மாத்துவம். பெல்ட்டும் வெடிச்சிருக்கு. பிறகு கார்பனை எடுத்து, பிளக் மாத்தி விடுறன். நீ துலைச்ச ஹோர்ஸ்பவர் அதுக்குள்ளதான் கிடக்கு."

தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு, புல்லிக்கு அண்ணன் கொடுத்த காசை நினைத்தோ என்னவோ, "அப்ப இதை என்ன செய்யிறது அண்ணை?" என்று கேட்டார்.

அண்ணை நீலப் புல்லியில் பெரியதைக் கையில் எடுத்தார். ஸ்கூட்டிக்காரரின் பக்கச் சில்லைப் பார்த்தார், புல்லியைப் பார்த்தார், வேனியர் அளவுகோலைக் கொண்டுவரச் சொல்லி உதவிக்கு நின்ற பொடியனைக் கூப்பிட்டார்.